நாலேகாலும் நாலரையும்

சென்ற தை மாதத்தில் ஒரு நாள் மாலை, நமது ஜில்லாவைச் சேர்ந்த ஒரு கிராமத்தின் பால் சங்க வாசலில் ஒரு சச்சரவைக் காண நேர்ந்தது. இரண்டு கறவை மாடுகளைக் கொண்டு குடும்பம் நடத்தும் ஒரு குடியானவர், சங்கத்து அட்டையைக் கையில் பிடித்துக்கொண்டு, அங்கிருந்த குமாஸ்தாவை மோசக்காரர் என்று உரத்த குரலில் வைதுகொண்டிருந்தார். முதல் நாள் மாலைப் பாலின் கொழுப்புச் சத்து 4.5 என்றும், அன்று காலைப் பாலின் கொழுப்புச் சத்து 4.25 என்றும் அட்டையில் எழுதியிருந்தது. கொழுப்பைப் பொறுத்தே லிட்டருக்கு விலை. மாலைப் பாலுக்கு விலை அதிகமாகவும், காலைப் பாலுக்குக் குறைவாகவும் போட்டிருந்தார்கள். ஏழாம் வகுப்பில் வாசிக்கும் அவருடைய மகன் இதைப் பார்த்துவிட்டு, "அப்பா, காலையில் இருபத்தைந்து, மாலையில் வெறும் ஐந்து, காலைப் பாலுக்குத்தான் அதிக விலை தரவேண்டும், மாற்றிப் போட்டு ஏமாற்றுகிறார்கள்" என்று கண்டு சொல்லியிருக்கிறான். மாலைப் பால் கெட்டியாயிருக்கும் என்பது மாடு கறக்கிறவருக்குத் தெரியாத விஷயமல்ல. ஆயினும் அவர் தமது கையனுபவத்தை மகனுடைய படிப்புக்கு விட்டுக்கொடுத்துவிட்டார்.

குமாஸ்தா யோக்கியர், ஆனால் விளக்கிச் சொல்லத் தெரியாதவர். "இயந்திரம் காட்டியதை எழுதினேன்" என்பதற்கு மேல் அவருக்குப் பேச்சு வரவில்லை. அச்சமயம் பால் வாங்க வந்திருந்த ஓர் உபாத்தியாயர் முன்வந்து, அட்டையின் பின்புறத்தில் 4.25 என்று எழுதி, அதன் கீழே 4.50 என்று எழுதிக் காட்டினார். சிறுவன் உடனே, "ஐம்பதுதான் பெரிது" என்றான். குடியானவர் விடவில்லை. "அதெப்படி ஐயா? அட்டையிலே அந்தச் சைபர் கிடையாதே. இல்லாத சைபரை நீங்களாகச் சேர்த்துப் போட்டால் எதுதான் பெரிசாகாது?" என்று கேட்டார். உபாத்தியாயருக்கு முகம் சிவந்தது. "கணக்கிலே அப்படித்தான் போடவேண்டும்" என்றாரேயொழிய வேறு சமாதானம் அவரிடம் இல்லை.

திண்ணையில் சாய்ந்திருந்த ஒரு கிழவர் எழுந்து வந்து அட்டையைப் பார்த்தார். "இதற்கா இத்தனை கூச்சல்? ஒன்று நாலேகால், ஒன்று நாலரை" என்றார். சச்சரவு அந்த க்ஷணமே தீர்ந்தது. குடியானவர் வெட்கிப்போய்க் குமாஸ்தாவிடம் இரண்டு நல்ல வார்த்தை சொல்லிவிட்டுச் செம்பை எடுத்துக்கொண்டு நடந்தார். சிறுவன் மட்டும் அட்டையையும் கிழவரையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டு நின்றான். நாலேகால் என்ற சொல்லை அவன் வீட்டில் ஆயிரம் முறை கேட்டிருக்கிறான், 4.25 என்ற எண்ணைப் பள்ளியில் நூறு முறை எழுதியிருக்கிறான். இரண்டும் ஒன்றே என்று அவனுக்கு ஒருவரும் சொன்னதில்லை.

அந்தச் சிறுவனை மந்த புத்தியுள்ளவன் என்று நேயர்கள் எண்ணிவிடலாகாது. ஐந்தாறு வருஷங்களாக அவன் கற்றது முழு எண்கள். முழு எண்களில் இலக்கம் அதிகமானால் எண் பெரிது. 125 என்பது 35ஐவிடப் பெரிது, 35 என்பது 5ஐவிடப் பெரிது. இந்த விதி அவனை ஒரு நாளும் கைவிட்டதில்லை. தசாம்சம் என்று முன்னாளில் வழங்கி, இன்று தசம எண் என்று பாட புத்தகங்களில் வழங்குவது அவன் முன் வந்து நிற்கும்போது, புள்ளிக்குப் பின்னால் நிற்பதையும் ஒரு முழு எண்ணாகவே படித்து, பழைய விதியைக் கொண்டே தீர்ப்புச் சொல்கிறான். 0.125 பெரிது, 0.35 அடுத்தது, 0.5 சிறியது. பிழைதான், ஆனால் நியாயத்தோடு கூடிய பிழை.

இது நமது நாட்டுச் சிறுவர்களுக்கு மட்டும் உரிய குறையுமல்ல. லாரன் ரெஸ்னிக், பெர்லா நெஷர் முதலிய ஆராய்ச்சியாளர்கள் அமெரிக்கா, இஸ்ரேல், பிரான்ஸ் ஆகிய மூன்று தேசத்து மாணாக்கர்களையும் பரீட்சித்து 1989ஆம் ஆண்டில் வெளியிட்ட கட்டுரையில், பாஷையும் பாடத்திட்டமும் வேறுபட்டும் பிழைகள் ஒரே அச்சில் வார்த்தவைபோல் இருப்பதைக் காட்டியிருக்கிறார்கள். இன்னொரு விசித்திரமும் அவர்கள் கண்டதுதான். பின்னங்களை ஓரளவு கற்ற சில பிள்ளைகள் நேர்மாறான விதியொன்றை வகுத்துக்கொள்ளுகிறார்கள். ஆயிரத்தில் ஒன்று நூற்றில் ஒன்றைவிடச் சிறிது, நூற்றில் ஒன்று பத்தில் ஒன்றைவிடச் சிறிது. ஆகவே இலக்கம் குறைந்த எண்ணே பெரிது என்பது அவர்கள் தீர்ப்பு. இவர்களிடம் 0.5, 0.35 எது பெரிது என்று கேட்டால் 0.5 என்று சரியாகச் சொல்வார்கள். உபாத்தியாயரும் மகிழ்ந்து மதிப்பெண் போடுவார். 0.3, 0.75 எது பெரிது என்று கேட்டாலோ, 0.3 என்பார்கள். முதல் வகைப் பிள்ளை இதே கேள்விக்குச் சரியாக விடை சொல்லிவிடுவான், தவறான காரணத்தினால்! ஆஸ்திரேலியாவில் மெல்போர்ன் சர்வகலாசாலையைச் சேர்ந்த கே ஸ்டேசி, விக்கி ஸ்டைன்லி என்ற இரு அறிஞர்கள் இந்த மர்மத்தை வைத்தே ஒரு பரீட்சை அமைத்தார்கள். எத்தனை விடை சரி என்று அவர்கள் பார்ப்பதில்லை. எந்தெந்த ஜோடியில் தவறினான் என்று பார்த்து, பிள்ளையின் மனத்தில் எந்த விதி ஓடுகிறது என்று கண்டுபிடிக்கிறார்கள்.

நமது வகுப்பறைகளில் இந்தப் பிழை எவ்வாறு மறைந்து வாழ்கிறது என்பதே கவனிக்கத் தக்கது. கரும்பலகையில் சாதாரணமாக எழுதப்படும் கணக்குகள் 0.35, 0.62 என்பனபோல் இலக்கம் ஒத்தவை. புள்ளியை அழித்துவிட்டு 35, 62 என்று படிக்கும் பிள்ளையும் இதில் தேறிவிடுவான். இலக்கம் ஒவ்வாதபோது, பூஜ்யத்தைச் சேர்த்துச் சமமாக்கு என்ற சூத்திரம் வருகிறது. சூத்திரம் சத்தியமானது, விடையும் தவறாது. ஆனால் அதைக் கற்ற பிள்ளை 4.50, 4.25 என்பவற்றை இன்னும் ஐம்பது, இருபத்தைந்து என்றுதான் ஒப்பிடுகிறான். அவனுடைய பழைய விதி திருந்தவில்லை. அதற்கு ஒரு முட்டுக் கொடுக்கப்பட்டிருக்கிறது. சூத்திரம் மறந்த அன்று முட்டுச் சரிகிறது. குடியானவர் கேட்ட கேள்வி, ஆகவே, அறியாமையால் கேட்டதன்று. 45 என்ற எண்ணின் பின்னால் ஒரு பூஜ்யத்தைச் சேர்த்தால் அது 450 ஆகிவிடுகிறது. கடன் பத்திரத்தில் எவனாவது அப்படிச் செய்தால் அவனைச் சிறைக்கு அனுப்புகிறோம். 4.5 என்பதன் பின்னால் சேர்த்தால் மட்டும் ஏன் ஒன்றும் ஆவதில்லை? தசம எண் பாடம் முழுவதும் இந்த ஒரு கேள்விக்கு விடை என்றே சொல்லலாம். அந்த விடையைச் சொல்லாமல் சூத்திரத்தை மட்டும் சொல்வது பாடமாகாது.

ரூபாயும் பைசாவும் இருக்க வேறு உதாரணம் எதற்கு என்பார்கள் சிலர். 1957ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம் முதல் தேதி, பதினாறு அணாவும் நூற்றுத் தொண்ணூற்றிரண்டு தம்பிடியும் கொண்ட பழைய ரூபாய் போய், நூறு பைசா கொண்ட ரூபாய் வந்தது. தேசத்துக்குப் பெரிய சௌகரியம்; சந்தேகமில்லை. எனினும் இந்தப் பாடத்துக்கு அந்த உதாரணம் நல்ல துணையன்று. ரூபாய்க் கணக்கில் புள்ளிக்குப் பின் எப்போதும் இரண்டு இலக்கங்களே எழுதுகிறோம். ஆதலால் பிள்ளைகள் 4.25 என்பதில் நான்கு ரூபாய் என்ற ஒரு முழு எண்ணையும், இருபத்தைந்து பைசா என்ற மற்றொரு முழு எண்ணையும் காண்கிறார்கள். இடையிலுள்ள புள்ளி வெறும் வேலி. நாலரை ரூபாயை 4.5 என்று எழுதிக் காட்டினால் நான்கு ரூபாய் ஐந்து பைசா என்று படிப்பார்கள். இதுவுமன்றி, இருபத்தைந்து பைசாவும் அதற்குக் கீழ்ப்பட்ட நாணயங்களும் 2011ஆம் ஆண்டு ஜூன் மாதக் கடைசியோடு செல்லாமற் போயின. ஐந்து பைசாவைக் கண்ணால் கண்டிராத தலைமுறைக்கு அதைக்கொண்டு எதை விளக்குவது?

நமது பழைய திண்ணைப் பள்ளிக்கூடங்களில் பிள்ளைகள் முந்திரி முதல் முக்கால் வரை மனப்பாடம் செய்தார்கள். முந்நூற்றிருபதில் ஒன்று முந்திரி. எண்பதில் ஒன்று காணி. இருபதில் ஒன்று மா. பதினாறில் ஒன்று மாகாணி அல்லது வீசம். எட்டில் ஒன்று அரைக்கால். பத்தில் ஒன்றுக்கும் இருமா என்று பெயர் இருந்தது. அந்த முறைக்குத் திரும்பவேண்டும் என்று சொல்ல நாம் வரவில்லை. நூற்றில் ஒன்றை எழுதப் போனாலே மூன்று முந்திரிக்குச் சற்று மேல் என்று இழுபடும் முறை அது. ஆனால் ஒரு குணம் அதற்கு இருந்தது: ஒவ்வோர் அளவுக்கும் ஒரு பெயர். மாகாணி என்ற சொல் நீளமாயிருப்பதால் அது காலைவிடப் பெரிது என்று எந்தப் பிள்ளையும் மயங்கியதில்லை. பெயரைக் கேட்டதும் அளவு மனத்தில் வந்து நிற்கும். தசம எண்ணில் இந்தப் பெயர்கள் இல்லை. பெயரின் வேலையை ஸ்தானம் செய்கிறது. ஸ்தானத்துக்கு ஸ்தானம் பத்து மடங்கு என்று ஆரியபடர் 499ஆம் ஆண்டு வாக்கிலேயே சொன்ன அதே முறைதான், ஒன்றின் ஸ்தானத்தைக் கடந்து வலப்புறமாகவும் நீண்டிருக்கிறது. பத்தாம் நூற்றாண்டில் டமாஸ்கஸ் நகரத்து அல் உக்லீதிஸி, 1427இல் ஸமர்கந்தில் அல் காஷி, 1585இல் ஐரோப்பாவில் ஸைமன் ஸ்டெவின் என்று பல கைகள் பட்டு வந்த நீட்சி அது. இடப்புறம் போகப் போகப் பத்து மடங்கு பெருகுவது, வலப்புறம் வர வரப் பத்தில் ஒரு பங்காகக் குறுகுகிறது. ஸ்தானத்தின் அளவு கண்ணில் படாதவரையில் எண் வெறும் எழுத்து.

அதைக் கண்ணில் படச் செய்வது எப்படி? ஒரு மீட்டர் நீளத்துக்கு ஒரு மூங்கிற் பட்டையைச் சீவிக்கொள்ளுங்கள். அதுவே ஒன்று. அதன் நீளத்தைப் பத்தாகப் பகுத்து, ஒரு பங்கின் அளவுக்குத் தென்னை ஈர்க்குகளை நறுக்குங்கள். அது பத்தில் ஒன்று. அந்த ஈர்க்கு ஒன்றைப் பத்தாக நறுக்கினால் ஒரு சென்டிமீட்டர்த் துண்டு; அது நூற்றில் ஒன்று. அதற்கும் கீழே ஒரு மில்லிமீட்டர். அது ஆயிரத்தில் ஒன்று. அதை நறுக்குவது கஷ்டம்; அளவு கோலில் காட்டினால் போதும், அதன் சிறுமையே ஒரு பாடம். செலவு கிடையாது. இப்பொழுது 0.5 என்ற நீளத்தை வைக்கச் சொல்லுங்கள். ஐந்து பெரிய ஈர்க்குகள். பட்டையின் பாதி வந்துவிட்டது. 0.35 என்பதை வைக்கச் சொல்லுங்கள். மூன்று பெரிய ஈர்க்குகளும் ஐந்து சிறு துண்டுகளும்; பாதியை எட்டவில்லை. எது பெரிது என்று உபாத்தியாயர் கேட்கவே வேண்டாம். பிறகு 0.50 வைக்கச் சொல்லுங்கள். ஐந்து பெரிய ஈர்க்குகள்; சிறு துண்டு ஒன்றுமில்லை. பூஜ்யம் சேர்ந்தது, நீளம் வளரவில்லை. ஏனெனில், அந்தப் பூஜ்யம் மற்ற இலக்கங்களில் ஒன்றையும் தன் ஸ்தானத்திலிருந்து நகர்த்தவில்லை. 45 என்பதன் பின்னால் பூஜ்யம் சேர்ந்தபோது நான்கும் ஐந்தும் ஒவ்வொரு ஸ்தானம் இடப்புறம் தள்ளப்பட்டன. அதனால்தான் எண் பெருத்தது. 0.05 என்று எழுதினாலோ ஐந்து தன் ஸ்தானத்தை விட்டு வலப்புறம் போய்விடுகிறது. பாதிப் பட்டை நீளமிருந்தது ஐந்து சிறு துண்டாகிவிட்டது. குடியானவருக்குச் சொல்லியிருக்கவேண்டிய விடை இது.

அடுத்தது, பல எண்களை வரிசைப்படுத்துவது. அகராதி பார்க்கத் தெரிந்த பிள்ளைக்கு இது புதிதல்ல. அகராதியில் 'கல்' என்ற சொல்லுக்கு முன்னாலேயே 'கடல்' வருகிறது. சொல்லின் நீளத்தை யார் பார்க்கிறார்கள்? முதல் எழுத்து ஒத்தால் இரண்டாவது எழுத்து. அங்கே தீர்ந்தால் மேலே போகவேண்டியதில்லை. தசம எண்ணிலும் இடப்புறத்திலிருந்து ஸ்தானம் ஸ்தானமாக வரவேண்டும்; முதலில் எங்கே வேறுபாடு தோன்றுகிறதோ அங்கேயே வழக்கு முடிந்தது. இதற்குக் காரணத்தையும் சொல்லியே தீரவேண்டும். 0.4 என்பதையும் 0.3999 என்பதையும் எடுத்துக்கொள்ளுங்கள். மூன்றுக்குப் பின்னால் எத்தனை ஒன்பது நின்றாலும், ஒன்பது சிறு துண்டும், அதனினும் சிறிய ஒன்பது துண்டும், இன்னும் சிறிய ஒன்பதும் சேர்ந்து ஒரு முழு ஈர்க்காகிவிடுவதில்லை. அருகே வந்து ஒரு மயிரிழையில் நின்றுவிடுகின்றன. இதை ஈர்க்கை வைத்துக் கண்ட பிள்ளைக்கு இலக்கங்களின் கூட்டத்தைப் பார்த்து மயக்கம் வராது. பூஜ்யம் சேர்த்துச் சமமாக்கும் சூத்திரத்தை இதற்குப் பின்னர் சொல்லிக்கொடுங்கள். அப்போது அது அவனுக்கு ஒரு சௌகரியம், முன்பு அது ஒரு மந்திரம்.

வாயால் படிக்கும் முறையிலும் ஒரு திருத்தம் வேண்டும். 4.25 என்பதை நாலு புள்ளி இருபத்தைந்து என்று படிப்பது ஜனங்களிடையே மட்டுமன்று, உபாத்தியாயர்களிடையேயும் வழக்கமாயிருக்கிறது. இருபத்தைந்து என்று காதில் விழுந்தபின் அது ஐந்தைவிடப் பெரிது என்று பிள்ளை நினைப்பதில் என்ன ஆச்சரியம்? நாலு புள்ளி இரண்டு ஐந்து என்று படிப்பதே முறை. தொடக்க நாட்களில் அதுவும் போதாது. நான்கும், பத்தில் இரண்டும், நூற்றில் ஐந்தும் என்று ஸ்தானத்தின் பெயரோடு சொல்ல வைப்பது நலம். நாலேகால், நாலரை, முக்கால், அரைக்கால் என்ற வீட்டுச் சொற்களையும் பக்கத்திலேயே எழுதிப்போடவேண்டும். அரைக்கால் என்பது 0.125 என்று எத்தனை பட்டதாரிகளுக்குத் தெரியும்?

நிற்க, பள்ளிக்கு வெளியே புள்ளி என்னும் குறியை நாம் படுத்துகிற பாட்டையும் சொல்லவேண்டும். கிரிக்கெட் ஆட்டத்தில் 19.5 ஓவர் என்றால் பத்தொன்பதரை அல்ல. பத்தொன்பது ஓவரும் ஐந்து பந்தும். கலியாண விளம்பரங்களில் மாப்பிள்ளையின் உயரம் 5.10 என்று போடுகிறார்கள்; அவர் 5.9 என்று போட்டவரைவிட ஓர் அங்குலம் உயரம்! கணித முறைப்படி 5.10 என்பது 5.9ஐவிடச் சிறியது. பிள்ளைகள் இவற்றைத் தினந்தோறும் பார்க்கிறார்கள். இவை புள்ளியிட்ட எழுத்துக்களேயன்றித் தசம எண்கள் அல்ல என்று வகுப்பிலேயே பிரித்துக் காட்டாவிட்டால், பள்ளியில் கற்றதை வீதி அழித்துவிடும்.

இவையெல்லாம் வேடிக்கையோடு போகும். நில விஷயம் அப்படியல்ல. ஓர் ஏக்கருக்கு நூறு சென்ட். ஓர் ஏக்கர் ஐந்து சென்ட் நிலத்தை 1.05 என்று எழுதவேண்டும். அதை 1.5 என்று எழுதுகிறவர்களும், 1.5 என்று சரியாக எழுதியதை ஒன்றும் ஐந்து சென்டும் என்று படிக்கிறவர்களும் கிராமந்தோறும் இருக்கிறார்கள். இரண்டுக்கும் வித்தியாசம் நாற்பத்தைந்து சென்ட். அதாவது 19,602 சதுர அடி, எட்டு கிரவுண்டுக்கு மேற்பட்ட பூமி. ஒரு குடும்பத்தின் ஜீவனம் ஒரு பூஜ்யத்தில் தொங்குகிறது. மருந்து விஷயத்தில் இன்னும் பயம். 5.0 என்று எழுதினால் ஐம்பது என்று படித்துவிடக்கூடும் என்றும், .5 என்று எழுதினால் ஐந்து என்று படித்துவிடக்கூடும் என்றும் அஞ்சி, முன்னதில் பின் பூஜ்யம் போடலாகாது, பின்னதில் முன் பூஜ்யம் விடலாகாது என்று பல தேசத்து வைத்தியசாலைகளில் இன்று விதி வகுத்திருக்கிறார்கள். இல்லாத சைபரைச் சந்தேகித்த குடியானவர் அந்த அளவில் வைத்தியர்களின் கட்சி.

நேயர்கள் தங்கள் வீட்டுப் பிள்ளையிடமோ, தங்கள் ஊர்ப் பள்ளியிலோ இன்றைக்கே ஒரு பரீட்சை செய்து பார்க்கலாம். 0.5, 0.35, 0.125, 0.05, 0.4 என்ற ஐந்து எண்களை ஒரு காகிதத்தில் எழுதிக் கொடுத்து, சிறியதிலிருந்து பெரியது வரையில் வரிசையாக வைக்கச் சொல்லுங்கள். 0.125ஐக் கடைசியில், எல்லாவற்றிலும் பெரியதாக வைத்தால், இலக்கம் மிகுந்தது பெரிது என்ற விதி அவனிடம் ஓடுகிறது. 0.125ஐ முதலில், 0.05க்கும் கீழே வைத்தால், இலக்கம் மிகுந்தது சிறிது என்ற எதிர் விதி ஓடுகிறது. இந்தப் பிள்ளை மற்ற நான்கையும் சரியாக வைத்திருப்பான், அதனால் ஏமாறவேண்டாம். 0.05, 0.125, 0.35, 0.4, 0.5 என்று சரியாக வைத்துவிட்டாலும் காகிதத்தை மடித்துவிடாமல், 0.4 எப்படி 0.35ஐவிடப் பெரிதாயிற்று என்று கேளுங்கள். பூஜ்யம் சேர்த்தால் நாற்பது ஆகிறது என்று பதில் வந்தால், அந்தப் பூஜ்யம் எங்கிருந்து வந்தது என்று அடுத்தபடி கேட்டுவிட்டு, ஒரு மூங்கிற் பட்டையைச் சீவ ஆரம்பியுங்கள்.